மாடக்குழியும் சமையல் மேடையும்

புது வீடு பார்க்கப் போனால் எனக்கு ஒரு பழக்கம் உண்டு. கூடத்தில் உட்காரச் சொல்வார்கள். உட்காரும் முன்பே 'நிச்' எந்தச் சுவரில் இருக்கிறது என்று கண் தேடும். தனி மனையில் கட்டிய வீடோ, அடுக்குமாடியில் வாங்கி உள்வேலை செய்த வீடோ, அது இல்லாத கூடத்தை அண்மையில் நான் அதிகம் பார்க்கவில்லை. சுவருக்குள் அரையடிக்கும் குறைந்த ஆழத்தில் ஒரு செவ்வகப் பள்ளம். மேல் விளிம்பில் வெளியே தெரியாமல் ஒட்டிய எல்இடி பட்டை. உள்ளே ஒரு புத்தர் தலை இருக்கும், அல்லது பித்தளை யானை, அல்லது வீட்டுக்காரர் பணி ஓய்வின்போது வாங்கிய கேடயம். அதன்மீது தேன் நிறத்தில் வெளிச்சம் வழியும். எல்லோரும் பார்த்துப் பாராட்டுவோம். பிறகு தண்ணீர் வேண்டும் என்ற சாக்கில் நான் சமையலறைக்குப் போவேன். மேடையருகே நின்று காய் நறுக்கும் பெண்ணின் முதுகுக்குப் பின்னால், கூரையின் நடுவில் ஒரு விளக்கு எரிந்துகொண்டிருக்கும். அவள் நிழல் அவள் பிடித்திருக்கும் கத்தியின் மேலேயே விழுந்திருக்கும்.

ஒரே வீட்டில் இருக்கும் இந்த இரண்டு வெளிச்சங்களைத்தான் நான் இங்கே வாசிக்கப் பார்க்கிறேன். கவிதையையும் நாவலையும் வாசிப்பது போல வீட்டுச் சுவரையும் வாசிக்கலாமா என்று வகுப்பில் மாணவிகள் கேட்பதுண்டு. சுவரும் யாரோ ஒருவர் முடிவெடுத்து, யாரோ ஒருவர் உழைத்து, யாரோ பார்க்கட்டும் என்று செய்த காரியம்தானே.

முதலில் இந்த மாடம் எப்படி உருவாகிறது என்று பார்ப்போம். நம் ஊர்க் கட்டிடங்களில் வெளிச்சுவர் பெரும்பாலும் 9 அங்குலம், உள்ளே அறையைப் பிரிக்கும் சுவர் நாலரை அங்குலம். 9 அங்குலச் சுவரில் பாதியை விட்டுக் கட்டினால் நாலரை அங்குல ஆழத்துக்கு மாடம் கிடைக்கும். நாலரை அங்குலச் சுவரில் அது நடக்காது. பின்பக்கம் அடுத்த அறை தெரியும். அப்போது ஜிப்சம் பலகையோ பிளைவுட்டோ வைத்துச் சுவரையே முன்னால் தள்ளி, பள்ளம் இருப்பதுபோலக் காட்டுவார்கள். வெளிச்சுவரில் மாடம் எடுத்தால் அந்த இடத்தில் மட்டும் சுவர் மெலிந்துபோகும். மழை பிடிக்கும் பக்கமென்றால் ஓதம் காணும், மேற்குப் பக்கமென்றால் வெயில் உள்ளே இறங்கும். மாடத்தின் தலைக்கு மேலே இருக்கும் செங்கல்லைத் தாங்க ஒரு கடப்பைக்கல்லோ கான்கிரீட் பலகையோ வேண்டும். அகலம் கூடினால் முறையான லிண்டலே வேண்டும். வயர் போகும் குழாயைப் பூச்சுக்கு முன்பே சுவருக்குள் பதிக்க வேண்டும். எல்இடி பட்டைக்கு மின்சாரத்தைக் குறைத்துக் கொடுக்கும் டிரைவர் என்ற சின்னப் பெட்டியை, கெட்டுப்போனால் கழற்றி மாற்றக்கூடிய இடத்தில் வைக்க வேண்டும். பலகைக்குப் பின்னால் வைத்து மூடிவிட்டால் பிறகு உடைத்துத்தான் எடுக்க முடியும்.

இவ்வளவையும் வீட்டுக்காரர், மேஸ்திரி, எலக்ட்ரீஷியன் மூவரும் அந்தச் சுவர் முன்னால் நின்று அரைமணி நேரம் பேசுவார்கள். உட்கார்ந்து பார்த்தால் எந்த உயரத்தில் தெரியும், 'வார்ம் ஒயிட்' போடுவதா பளீரென்ற வெள்ளை போடுவதா, விளக்கு கண்ணில் அடிக்காமல் பொருளில் மட்டும் விழ எவ்வளவு உள்ளே தள்ளுவது. எல்லாமே நல்ல கேள்விகள். பொருளுக்கும் பார்ப்பவருக்கும் நடுவே வெளிச்சம் எங்கே நிற்க வேண்டும் என்று அந்த மூவருக்கும் நன்றாகத் தெரியும். சமையலறைக்கு வந்ததும், "நடு சென்டர்ல ஒரு பாயின்ட் போட்ரு" என்று முடிந்துவிடும். அங்கே நிற்கப்போகிறவளின் உயரம் என்ன, அவள் எந்தப் பக்கம் திரும்பி நிற்பாள், அவள் உடம்பு வெளிச்சத்தை மறைக்குமா என்ற கேள்விகள் எழுவதே இல்லை. யானை எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று யோசித்த அதே மூவர்தான் இவர்களும்.

அந்தச் சுவரருகே நான்காவதாக ஒருத்தி இருக்கிறாள். கலவை குழைத்து, பாண்டில் அள்ளி, தலையில் வைத்துச் சாரத்தின் மேல் கொண்டுபோய்க் கொடுத்தவள். மாடத்தின் உள்மூலை நேராக வருவதற்குக் கொத்தனார் ரசமட்டம் வைத்துப் பார்க்கும்போது கீழே அடுத்த சட்டியோடு காத்திருந்தவள். பூச்சு வெடிக்காமல் இருக்க நாள்தோறும் தண்ணீர் ஊற்றி நனைத்தவளும் பல இடங்களில் அவள்தான். அவளுக்குப் பெயர் சித்தாள். அவளோடு அதே நாளில் வேலைக்கு வந்த பையன் சில ஆண்டுகளில் கரணை பிடித்துக் கொத்தனார் ஆகிவிடுவான், அப்புறம் மேஸ்திரிகூட ஆவான். அவள் இருபது வருடம் கழித்தும் சித்தாள்தான். ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்று 1976ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் கரணையை அவள் கையில் தராதவரை 'ஒரே வேலை' என்ற கேள்வியே எழாது, சட்டம் அவளுக்குப் பக்கத்தில் வராமலே போய்விடும். கரணையும் தூக்குக்குண்டும் கனமான கருவிகள் இல்லை. கலவைச் சட்டிதான் கனம். பெண்ணுக்குப் பலம் போதாது என்ற வாதம் கட்டிட வேலையில் எப்படித் தலைகீழாக நிற்கிறது என்று பாருங்கள்: கனமானதை அவள் தூக்குகிறாள், நுட்பமானதை அவன் செய்கிறான். கூடத்து மாடத்தைப் பார்த்து "நல்ல கைவேலை" என்று யாராவது சொல்லும்போது, அது யார் கை என்ற கேள்வி எனக்குள் எழாமல் இருப்பதில்லை.

இந்த நிச்சுக்கு நம்மிடம் ஒரு பழைய பெயர் இருக்கிறது. மாடக்குழி. சில ஊர்களில் பிறை என்பார்கள், சில ஊர்களில் வெறும் மாடம். மண்ணோ சுண்ணாம்போ வைத்துத் தடித்துக் கட்டிய சுவரில் வாசலின் இரு பக்கமும், உள்ளே கூடத்திலும் அடுப்பங்கரையிலும் குழிகள் இருக்கும். மேல்பக்கம் வளைவாகவோ முக்கோணமாகவோ இருக்கும். அதற்குமேல் உள்ள பாரம் இரு பக்கமும் பிரிந்து இறங்கிவிடும் என்பதால் தனியாக உத்தரம் தேவையில்லை. அகல் விளக்கைக் காற்று அணைத்துவிடாமல் காப்பதுதான் குழியின் வேலை. என் அம்மாச்சி வீட்டு அடுப்பங்கரை மாடத்தில் விளக்கோடு தீப்பெட்டி, சுண்ணாம்பு டப்பி, பல் உடைந்த சீப்பு, துணியில் முடிந்த சில்லறை எல்லாம் இருந்தன. அந்தச் சில்லறை அவளுடையது. வீட்டில் அவளுடையது என்று சொல்லக்கூடிய இடம் ஒரு சாண் அகலமுள்ள அந்தக் குழி மட்டும்தான். விளக்குப் புகை மாடத்தின் மேலே கறுப்பாக ஏறியிருக்கும். அதைப் பொங்கலுக்கு முன்னால் வெள்ளையடித்து மறைப்பவளும் அவள்தான்.

இன்றைய நிச்சையும் மாடக்குழியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு வித்தியாசம் தெளிவாகத் தெரியும். மாடக்குழியில் விளக்கு இருந்தது. அதன் வெளிச்சம் குழியை விட்டு வெளியே வந்து வீட்டில் வேலை செய்பவர்கள்மீது விழுந்தது. நிச்சில் பொருள் இருக்கிறது. வெளிச்சம் குழிக்குள்ளேயே விழுந்து அங்கேயே தங்கிவிடுகிறது. விளக்குக்கு இருந்த இடம் இப்போது உடைமைக்குப் போய்விட்டது.

இதை வைத்துப் பழைய மாடத்தைத் தூக்கிக் கொண்டாட எனக்கு விருப்பமில்லை. அந்த விளக்கு எவ்வளவு விதிகளோடு எரிந்தது என்று நம் அம்மாக்களைக் கேட்டால் தெரியும். மாதவிலக்கு நாட்களில் தொடக்கூடாது. கணவனை இழந்தவள் ஏற்றினால் ஆகாது. விளக்கு வைத்த பிறகு வீடு கூட்டக்கூடாது, தலை வாரக்கூடாது, உப்போ காசோ யாருக்கும் கொடுக்கக்கூடாது. எல்லாவற்றையும் விடப் பெரியது, விளக்கு வைப்பதற்குள் வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்ற கட்டளை. அது மகன்களுக்கு இல்லை. வாசல் மாடத்தில் எரிந்த அகல் தெருவுக்கு வழிகாட்டியது, அந்த வீட்டுப் பெண்ணுக்கோ நேரக்கெடு குறித்தது. பெண்கள் விடுதிகளின் கதவை மாலையோடு அடைக்கும் வழக்கத்துக்கு இந்த அகலோடு ரத்த உறவு உண்டு என்றே நினைக்கிறேன். தெருவைப் பற்றியும் ஒன்று சொல்லிவிட வேண்டும். வாசல்தோறும் மாடவிளக்கு எரிந்த தெருவில் காலில் செருப்போடு நடக்க அனுமதிக்கப்படாத மக்கள் இருந்தார்கள். அவர்களில் தட்டி கட்டிய குடிசையில் வாழ்ந்தவர்களுக்குக் குழி எடுக்கச் சுவரே கிடையாது.

நம் மொழி இந்த விளக்கைப் பெண்ணோடு ஒட்டி வைத்துவிட்டது. "குத்துவிளக்கு மாதிரி பொண்ணு." "வீட்டுக்கு விளக்கேற்ற வந்தவ." நெடுநல்வாடையிலேயே இது தொடங்கிவிடுகிறது. மழை மூட்டத்தில் பொழுது தெரியாமல், பிச்சி மொட்டு விரிவதைக் கொண்டு மாலை வந்ததை அறிந்து, பெண்கள் இரும்பு விளக்கில் திரி கொளுத்தி நெல்லும் பூவும் தூவி வணங்குகிறார்கள். இது நகரத்து வீடுகளில். அரண்மனைக்குள்ளே போனால் யவனர் செய்த பாவை ஒன்று கையில் அகலை ஏந்தி நிற்கிறது. அந்த வெளிச்சம் எரியும் அரண்மனையில்தான் அரசி உறக்கம் இல்லாமல் கிடக்கிறாள்; அவள் கணவன் பாசறையில் இருக்கிறான். விளக்கை ஏற்றும் பெண், விளக்கைத் தாங்கும் உலோகப் பெண், விளக்கின் கீழே காத்திருக்கும் பெண். நக்கீரர் இதை விமர்சனமாக எழுதவில்லை. ஆனால் மூன்று பேரையும் ஒரே பாட்டில் வைத்துவிட்டார், நாம் படித்துக்கொள்ளலாம். நம் கோயில்களில் அந்தப் பாவை விளக்கு இன்றும் நிற்கிறது, முழங்கை மடக்கி, அகல் ஏந்தி, கை வலிக்காமல்.

இருபதாம் நூற்றாண்டில் பெண் கல்விக்காகவும் கைம்பெண் மறுமணத்துக்காகவும் குரல் கொடுத்த பாரதிதாசன், தன் இலட்சியப் பெண்ணைப் பற்றிய நூலுக்கு வைத்த பெயர் 'குடும்ப விளக்கு'. விடியும் முன் எழுந்து கோலம் போடுவதில் தொடங்கி இரவு வரை நீளும் அவள் வேலைநாளைத்தான் முதல் பகுதி அன்போடு பாடுகிறது. அன்பு உண்மையானதுதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் விளக்கு என்று பெயர் வைத்த பிறகு, அவளுக்கு வெளிச்சம் வேண்டுமா என்று கேட்கும் வழி அடைபட்டுவிடுகிறது. விளக்குக்கு யார் விளக்கு பிடிப்பார்கள்?

சுவர் மாடத்தைப் பற்றிப் பேசும்போது ஜப்பானை விட்டுவிட முடியாது. கூடத்துச் சுவரில் பள்ளம் எடுத்து ஒரே ஒரு தொங்கும் ஓவியத்தையும் ஒரு பூச்சாடியையும் மட்டும் வைக்கும் 'தொகோனோமா' அங்கே பல நூற்றாண்டு மரபு. மதிப்புக்குரிய விருந்தாளியை அதன் பக்கத்தில் உட்காரவைப்பார்கள். வீட்டு அலங்காரம் பயிலும் மாணவிகளுக்கு அதோடு சேர்த்துப் பரிந்துரைக்கப்படும் ஒரு நூல், ஜூனிச்சிரோ தனிஸாகி 1933இல் எழுதிய 'நிழல்களின் புகழ்'. வீடு கட்டும்போது மின் வயரை எப்படிக் கண்ணுக்குத் தெரியாமல் மறைப்பது என்ற கவலையோடுதான் அது தொடங்குகிறது. இன்று நம் கூடத்தில் நிற்கும் மூவரின் கவலையும் அதுவே. மின்விளக்கு வந்து தொகோனோமாவின் நிழலைக் கெடுத்துவிட்டது என்பது அவர் வருத்தம். படிக்கப் படிக்க இனிக்கும் நூல், நானும் ரசித்தவள்தான். ஆனால் அதே நூலில் இருட்டு வீடுகளுக்குள் வாழ்ந்த பெண்களைப் பற்றியும் அவர் பேசுகிறார். தன் தாயைப் பற்றி நினைத்தால் முகமும் கையும் காலும் தவிர உடம்பே நினைவில் இல்லை என்கிறார். அதை ஓர் அழகாகவே சொல்கிறார். இருட்டில் மின்னும் தங்கப் பூச்சுப் பாத்திரத்துக்குப் பக்கத்திலேயே இருட்டில் வெளுத்துத் தெரியும் பெண்முகத்தையும் அடுக்கிவிடுகிறார். நிழலை உட்கார்ந்து ரசிப்பதற்கும் நிழலில் நின்று அரிசி களைவதற்கும் உள்ள தூரம் அந்த நூலில் எங்கும் அளக்கப்படவில்லை. அரிசியில் கிடக்கும் கல் நிழலில் தெரியாது.

நம் நிச்சுக்கு இன்னும் நெருக்கமான ஒரு மூதாதை இருக்கிறது: எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் நடுத்தர வீட்டுக் கூடங்களில் இருந்த ஷோகேஸ். இழுத்து மூடும் இரண்டு கண்ணாடிகள். உள்ளே பளிங்குத் தாஜ்மகால், ஒருநாளும் டீ ஊற்றாத டீ செட், பிளாஸ்டிக் ரோஜா, பள்ளிக்கூடக் கோப்பைகள். அதில் ஒரு தட்டு மட்டும் மகள்களுக்குரியது. மணி கோத்த வாத்து, ஒயர் கூடை, சட்டம் போட்ட பூவேலைத் துணி. பெண் பார்க்க வருகிறவர்கள் கூடத்தில் உட்கார்ந்ததும் யாராவது ஒரு பெரியம்மா சாதாரணமாகச் சொல்வதுபோல அந்தத் தட்டைக் காட்டுவார்: "எல்லாம் பாப்பா செஞ்சதுதான்." பாப்பா கல்லூரி முடித்திருப்பாள். அவள் பட்டச் சான்றிதழ் பீரோவுக்குள் துணிக்கு அடியில் கிடக்கும். வாத்து வெளியே இருக்கும். அவள் உள்ளே காபித் தட்டோடு நின்றுகொண்டிருப்பாள், அடுத்துக் காட்டப்பட வேண்டிய பொருளாக. எனக்குத் தெரிந்த ஒரு பெண் அந்தச் சடங்கைப் பதினோரு முறை கடந்தவள். பன்னிரண்டாவது முறைக்கு முன்னால் அந்த வாத்தைத் தானே எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டதாகச் சொன்னாள்.

நிச்சில் கண்ணாடிகூடக் கிடையாது, தூசி நேராகப் படியும். எல்இடி வெளிச்சம் பக்கவாட்டில் விழுவதால் மற்ற இடங்களில் தெரியாத தூசி அங்கே துல்லியமாகத் தெரியும். மாடத்தில் யார் எதை வைத்தார் என்பதற்கும் அதை யார் துடைக்கிறார் என்பதற்கும் பெரும்பாலான வீடுகளில் இரண்டு வேறு பதில்கள். துடைப்பவள் அந்த வீட்டு மனைவி, அல்லது அவள் சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் இன்னொரு பெண். புத்தர் தலை கைதவறி விழுந்தால் யார் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இனி வருவதை எழுதாமல் நகரலாம் என்றுதான் நினைத்தேன். முடியவில்லை. பெண்ணுக்கென்று தனி விளக்குப் போட்ட மாடம் நம் வீடுகளில் உண்டு. அவள் இறந்த பிறகு. உறவில் ஒரு பெரியம்மா. புகை படிந்த ஒற்றை பல்பின் கீழ் முப்பது வருடத்துக்கும் மேல் சமைத்தவர். கண் மங்கத் தொடங்கியபோது, "பருப்புல வண்டு தெரிய மாட்டேங்குது, ஒரு நல்ல லைட்டா போடுங்கப்பா" என்று மகன்களிடம் கேட்டுக்கொண்டே இருந்தார். வீட்டை இடித்துக் கட்டும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். இடித்துக் கட்டினார்கள், அதற்குள் அவர் போய்விட்டார். இப்போது கூடத்தில் நல்ல அகலமான நிச் இருக்கிறது. உள்ளே அவர் படம், சந்தனமாலை, மேலிருந்து இரண்டு குட்டி ஸ்பாட் லைட். இரவும் பகலும் எரிகிறது. கரன்ட் போனாலும் இன்வெர்ட்டரில் எரியும்படி இணைப்புக் கொடுத்திருக்கிறார்கள். மகன்கள் கெட்டவர்கள் இல்லை. அம்மாவை நினைத்து அழுகிறவர்கள். அந்த அழுகையும் அந்த ஸ்பாட் லைட்டும் உண்மை. அவர் கேட்டது அதில் பாதி வெளிச்சம்.

இது புதிய வழக்கமும் இல்லை. வட மாவட்டங்களில் பூவாடைக்காரி என்று, சுமங்கலியாகவோ கன்னியாகவோ இறந்த வீட்டுப் பெண்ணுக்குப் புதுச்சேலை வைத்து விளக்கேற்றிக் கும்பிடுவார்கள். அந்த வழிபாட்டில் ஓர் இரக்கம் இருக்கிறது, ஒரு பயமும் இருக்கிறது. உயிரோடு இருந்தபோது கொடுக்காததைத் திரும்பிவந்து கேட்டுவிடுவாளோ என்ற பயம். நல்ல சேலை, நல்ல சாப்பாடு, நல்ல வெளிச்சம். கேட்க முடியாத நிலைக்குப் போன பிறகு எல்லாம் தாராளமாகக் கிடைக்கிறது.

உயிரோடிருக்கும்போதே கேட்ட ஒருத்தி நம் இலக்கியத்தில் இருக்கிறாள். அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' கதையில் வரும் மீனாட்சி. ராஜஸ்தானத்துப் பெரிய வீடு, அறைகள் நிறைய, சமையலறை மட்டும் மூலையில் ஒடுங்கிக் கிடக்கிறது. வெளியே மலை தெரியும், ஆனால் காயப்போட்ட துணி மறைக்கிறது. சமையலறைக்கு வெளியே இருக்கும் தாழ்வாரத்தை நீட்டிக் கட்டலாமே என்று தெற்கிலிருந்து வந்த மருமகள் சொல்கிறாள், வீடே கலங்கிப்போகிறது. அந்தக் கதையை நான் பாடம் நடத்தும்போதெல்லாம் மாணவிகள் உணவு, அதிகாரம், மாமியார் என்றெல்லாம் பேசுவார்கள். மீனாட்சியின் கோரிக்கை முதலில் ஒரு கட்டிடக் கோரிக்கை என்பதை நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. அவள் விடுதலை என்ற சொல்லைத் தூக்கிக்கொண்டு வரவில்லை. சில அடி இடத்தையும் கண்ணுக்கு எட்டும் ஒரு மலையையும் கேட்டாள். அதற்கே அவ்வளவு கலக்கம்.

போன ஆண்டு ஒரு மாணவி என்னிடம் சண்டைக்கு வந்தாள். "மேம், எங்க வீட்டுல அந்த நிச் எங்கம்மாவோட ஆசை. அம்மா சீட்டுப் போட்டு அந்தக் காசுல கட்டினது. அதையும் தப்புன்னா எப்படி?" அவள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. அலங்காரத்தை இளக்காரம் செய்வது பெண்களை இளக்காரம் செய்வதற்கு மிகப் பழைய வழி. கோலத்தை, கொலுவை, பூவேலையைக் கலையென்று ஒப்புக்கொள்ளாத அதே வாய்தான் "பொம்பளைங்களுக்கு ஷோ வேணும்" என்றும் சொல்கிறது. நாள் முழுக்க மற்றவர்களின் தேவைக்காகவே இயங்கும் ஒருத்திக்கு, எந்தத் தேவைக்கும் உதவாத ஓர் அழகான பொருள் வேண்டும் என்று தோன்றுவது வீண் ஆசை இல்லை. அந்த அம்மா அந்த மாடத்தில் என்ன வைத்திருக்கிறார் என்று கேட்டேன். பள்ளியில் கபடி ஆடி வாங்கிய இரண்டு கோப்பைகளாம். கல்யாணத்துக்குப் பிறகு பரணில் சாக்குப் பைக்குள் கிடந்தவை. அந்த மாடத்தில் எத்தனை விளக்கு வேண்டுமானாலும் எரியட்டும். வாடகை வீட்டில் ஓர் ஆணி அடிக்கக்கூட வீட்டுக்காரரிடம் கெஞ்ச வேண்டியிருக்கும் தனித்து வாழும் பெண்களுக்கும் இப்படி ஒரு சுவர் கிடைக்கட்டும்.

அழகுக்கும் எனக்கும் வழக்கு இல்லை. வெளிச்சத்தைப் பங்கு வைக்கும் கணக்கில்தான் வழக்கு. அந்தக் கணக்கைக் கடையில் விற்கும் ஒரு சுருளை வைத்தே போட்டுவிடலாம். எல்இடி பட்டை பெரும்பாலும் 5 மீட்டர் சுருளாகத்தான் விற்கிறது, அதாவது 16 அடிக்குச் சற்று அதிகம். 2 அடி அகலமுள்ள மாடத்தின் மேல் விளிம்புக்கு 2 அடி போதும். பட்டையில் அச்சடித்திருக்கும் கோட்டில் கத்தரியால் வெட்டிக்கொள்ளலாம். மிச்சம் 14 அடி. சமையல் மேடை 8 அடி என்று வைத்துக்கொண்டாலும் முழுவதற்கும் ஒட்டிய பிறகு இன்னும் 6 அடி கையில் இருக்கும். மேடைக்கு மேலே இருக்கும் அலமாரியின் அடிப்பக்கத்தில், சுவரோரமாக இல்லாமல் முன் விளிம்பை ஒட்டிப் போட வேண்டும். அப்போது விளக்கு நிற்பவளுக்கு முன்னால் இருக்கும், நிழல் அவள் பின்னால் போய்விடும். ஆவியும் எண்ணெய்ப் பிசுக்கும் இருக்கும் இடமென்பதால் மேலே சிலிக்கான் பூசிய ரகம் நல்லது. அலுமினியப் பட்டிக்குள் வைத்துப் பால்நிற மூடி போட்டால் ஈரத்துணியால் துடைத்துக்கொள்ளலாம். அடுப்புக்கு நேர் மேலே மட்டும் வேண்டாம். டிரைவரின் வாட் அளவு மொத்தப் பட்டைக்கும் தாங்குகிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஆனால் நான் பார்த்த வீடுகளில் மிச்சச் சுருள் மீட்டர் பெட்டிக்கு மேலேயோ கருவிப் பையிலேயோ கிடக்கிறது. தோழி ஒருத்தி தன் புதுவீட்டில் அதை எடுத்துவந்து எலக்ட்ரீஷியன் தம்பியிடம் கொடுத்து, அடுப்பங்கரையில் எங்கே ஒட்ட வேண்டும் என்று விரலால் கோடு போட்டுக் காட்டினாள். அவன் நல்ல பிள்ளை. ஏணியை எடுத்துக்கொண்டு வந்தான், அலமாரியின் அடியைத் துடைத்தான், அளவும் எடுத்தான். பிறகு டேப்பைச் சுருட்டிக்கொண்டே கேட்டான்: "சார்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாமாக்கா?"